அம்மா, அப்பாவைச் சேர்த்து வைத்த இரட்டைப் பெண்கள்!



கோடை லீவில் பிள்ளைகளின் தொல்லை தாங்காமல் ஒரு பழைய இங்கிலீஷ் படத்தைப் போட்டு உட்கார வைத்தேன். அரைமணி நேரம்கூட ஆகியிருக்காது. கூடத்தில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த என் மாமியார் நிமிர்ந்து பார்த்தார். "ஏம்மா, இது நம்ம குட்டி பத்மினி படமாச்சே! இந்த வெள்ளைக்காரங்க எப்போ எடுத்தாங்க?" என்றார். அத்தைக்கு ஒரு வார்த்தை இங்கிலீஷ் தெரியாது. ஆனாலும் இரண்டு பெண் பிள்ளைகள் ஒன்றையொன்று உற்றுப் பார்த்து நின்றதுமே கதையைப் பிடித்துவிட்டார்.

அவர் சொன்னது சரிதான். நம் ஏவி.எம். எடுத்த 'குழந்தையும் தெய்வமும்' 1965-ல் வந்தது. நாங்கள் பார்த்த 'தி பேரன்ட் ட்ராப்' அதற்கு முன்பே, 1961-ல், வால்ட் டிஸ்னி கம்பெனி எடுத்தது. பெற்றவர்களுக்கே பிள்ளைகள் வைக்கிற பொறி என்று பெயருக்கு அர்த்தம் வைத்துக்கொள்ளலாம். டேவிட் ஸ்விஃப்ட் என்பவர் எழுதி இயக்கியிருக்கிறார். இரட்டையராக வருவது ஹேலி மில்ஸ் என்ற ஒரே பெண். அப்போது அவளுக்கு 14 வயசு!

படம் பார்க்காத தோழிகளுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கோடை லீவில் பெண் பிள்ளைகளுக்கென்று நடத்துகிற ஒரு முகாம். பாஸ்டன் நகரத்திலிருந்து வந்த ஷேரனும், கலிபோர்னியாவிலிருந்து வந்த சூசனும் அங்கே சந்திக்கிறார்கள். ஒரே முகம், ஒரே உயரம். அதனாலேயே ஒருத்திக்கு மற்றவளைக் கண்டால் ஆகவில்லை. நடன விழா அன்று ஒருத்தியின் கவுனைப் பின்பக்கமாகக் கத்தரித்துவிடுகிற அளவுக்குப் போகிறது சண்டை. தண்டனையாக இருவரையும் தனியாக ஒரே குடிலில் போட்டு வைக்கிறார்கள். ஷேரன் தன் அம்மாவின் போட்டோவைக் காட்ட, சூசன் திகைத்துப் போகிறாள். அது தன் அம்மாவும்தான்! கைக்குழந்தையாக இருந்தபோது அப்பாவும் அம்மாவும் விவாகரத்து வாங்கிக்கொண்டு, ஆளுக்கு ஒரு குழந்தையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

அப்புறம் என்ன? இடம் மாறுவது என்று திட்டம். ஷேரனின் நீளமான முடியைச் சூசன் மாதிரி கத்தரிக்கிறார்கள். சூசனுக்கு நகம் கடிக்கிற பழக்கம், அதனால் ஷேரனும் நகத்தைக் கடித்துத் தீர்க்க வேண்டும்! வீட்டில் யார் யார், எந்த அறை எங்கே என்று பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி படிக்கிறார்கள். ஒருத்தி பார்க்காத அம்மாவைப் பார்க்கவும், மற்றவள் பார்க்காத அப்பாவைப் பார்க்கவும் கிளம்புகிறார்கள்.

இங்கேதான் ஹேலி மில்ஸின் சாமர்த்தியத்தைச் சொல்ல வேண்டும். இரட்டை வேடம் நமக்குப் புதிதில்லை. ஒன்று சாது, ஒன்று முரடு, கன்னத்தில் ஒரு மச்சம், முடிந்தது. இந்தப் பெண்ணோ நான்கு வேடம் போடுகிறாள். சூசன், ஷேரன், சூசனாக நடிக்கிற ஷேரன், ஷேரனாக நடிக்கிற சூசன். பாஸ்டன் வீட்டுக்குள் சூசன் நுழைகிற காட்சியைப் பாருங்கள். அம்மா கட்டிக்கொள்கிறாள். ஷேரனாக இருந்தால் தினமும் பார்க்கிற அம்மா, சாதாரணமாக இருந்துவிடுவாள். இவளுக்கோ பிறந்த பிறகு முதல் தடவை. அழுகை வருகிறது, ஆனால் அழுதால் மாட்டிக்கொள்வாள். தாத்தாவை மோந்து பார்த்து, உங்கள் மேல் புகையிலை வாசனையும் பெப்பர்மின்ட் வாசனையும் வருகிறது, ஞாபகத்தில் சேர்த்து வைத்துக்கொள்கிறேன் என்கிற மாதிரி சொல்கிறாளே, அந்த இடத்தில் என் பெரியவள் சிரித்தாள். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

ஒரே பெண்ணை இரண்டாக எப்படிக் காட்டினார்கள் என்று பிள்ளைகள் துளைத்தெடுத்துவிட்டார்கள். அண்ணன் மகள் கல்லூரியில் படிக்கிறாள், அவளைப் படித்துச் சொல்லச் சொன்னேன். சில காட்சிகளில் சூசன் ஹென்னிங் என்ற இன்னொரு பெண் முதுகைக் காட்டி நிற்பாள். மற்ற இடங்களில் கேமராவை அசையாமல் வைத்து, பாதிப் படத்தை மறைத்து ஒருமுறை, மீதிப் பாதியை மறைத்து இன்னொருமுறை எடுப்பார்கள். இதைவிடக் கஷ்டமான வித்தை ஒன்றும் உண்டு. தெருவிளக்கில் மஞ்சளாக எரியுமே, அந்தச் சோடியம் விளக்கைப் பின்னால் இருக்கிற திரைமேல் அடித்து, நடிகர் மேல் சாதாரண விளக்கை அடிப்பது. கேமராவுக்குள் இருக்கிற விசேஷக் கண்ணாடிப் பட்டகம் அந்த மஞ்சளை மட்டும் பிரித்துத் தனி ஃபிலிமில் விழச் செய்யும். பிறகு ஆளை மட்டும் சுத்தமாக எடுத்து வேறு காட்சியில் பொருத்திவிடலாம். டிஸ்னி கம்பெனியில் இதைக் கையாண்டவர் அப் ஐவர்க்ஸ், மிக்கி மவுஸை முதலில் வரைந்த அதே மனிதர். தந்திரக் காட்சிகளைக் கொஞ்சமாகத்தான் வைப்பதாக இருந்தார்களாம். எடுத்த வரை பார்த்த வால்ட் டிஸ்னி அசந்துபோய், இன்னும் வையுங்கள் என்றாராம். முகத்தில் முகம் இல்லாத இடத்தைப் பார்த்துச் சண்டை போடுவதும் கொஞ்சுவதும் 14 வயசுப் பெண்ணுக்கு லேசான காரியமா சொல்லுங்கள்!

ஹேலி லண்டனில் 1946-ல் பிறந்தவர். அப்பா ஜான் மில்ஸ் பெரிய நடிகர், அம்மா மேரி ஹேலி பெல் எழுத்தாளர். 'டைகர் பே' என்ற 1959 படத்தில் ஒரு பையன் வேடத்துக்கு ஆள் தேடிக்கொண்டிருந்த இயக்குநர், ஜான் மில்ஸ் வீட்டுக்கு வந்தபோது இந்தப் பெண்ணைப் பார்த்துவிட்டு, பையனைப் பெண்ணாகவே மாற்றிவிட்டார். அதைப் பார்த்துத்தான் டிஸ்னி கம்பெனி 'பாலியானா'வுக்கு அழைத்தது. அந்தப் படத்துக்காகச் சிறுவர் நடிப்புக்கான ஆஸ்கர் விருது 1961-ல் ஹேலிக்குக் கிடைத்தது. விழாவில் விருதை எடுத்துக் கொடுத்தவர் ஷெர்லி டெம்பிள். அந்தச் சிறுவர் விருதை முதன்முதலில் வாங்கிய குழந்தை நட்சத்திரம் அவர்தான். வாங்கிக்கொள்ள ஹேலி மேடையில் இல்லை! இங்கிலாந்தில் ஹாஸ்டல் பள்ளிக்கூடத்தில் இருந்தாள். வேறொரு இளம் நடிகைதான் அவள் சார்பில் வாங்கினார். அதற்கு அப்புறம் அந்தச் சிறுவர் விருதையே நிறுத்திவிட்டார்கள்.

இவ்வளவு புகழ்ந்தேன், இனி என் மனத்தாங்கலையும் சொல்லிவிடுகிறேன்.

எங்களோடு உட்கார்ந்து படம் பார்த்தவர்களில் எங்கள் தெருப் பெண் ஒருத்தி உண்டு, என் சின்னவளோடு படிக்கிறவள். அம்மாவும் பாட்டியும் அவளும் மட்டும்தான் வீட்டில். அப்பா இருக்கிறார், எங்கே என்று யாரும் அவளிடம் பேசுவதில்லை. மற்ற பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தபோது இவள் சிரிக்கவில்லை. படம் முடிந்ததும் கேட்டாள். "ஆன்ட்டி, அவங்க எதுக்கு முதல்ல பிரிஞ்சாங்க? அதைச் சொல்லவே இல்லியே?"

நான் அடுப்பைப் பார்க்கிற மாதிரி எழுந்து போனேன். ஆனால் கேள்வி என்னை விடவில்லை. யோசித்துப் பாருங்கள், 13 வருஷம்! உனக்கு ஒரு கூடப்பிறந்தவள் இருக்கிறாள் என்று அம்மாவும் சொல்லவில்லை, அப்பாவும் சொல்லவில்லை. புருஷன் பெண்டாட்டிக்கு ஒத்துப்போகவில்லை, சரி, பிரிந்தார்கள். பிள்ளைகளையுமா பாகம் பிரிப்பது, பித்தளைப் பாத்திரம் பிரிக்கிற மாதிரி? படத்தில் யாரும் இதற்காக அந்தப் பெண்களிடம் மன்னிப்புக் கேட்பதாகத் தெரியவில்லை. இரண்டு பேருக்கும் கோபம் அதிகம், சண்டை போட்டார்கள், அவ்வளவுதான் காரணம்.

ஆனால் மூலக் கதையில் இது வேறு மாதிரி இருக்கிறது. அதை எழுதியவர் எரிக் கேஸ்ட்னர் என்ற ஜெர்மன்காரர். ஹிட்லர் ஆட்சியில் 1933-ல் இவர் புத்தகங்களைப் பெர்லினில் தெருவில் போட்டு எரித்தார்கள். இவரே கூட்டத்தில் நின்று அதைப் பார்த்தாராம். இந்தக் கதையை 1942-ல் சினிமாவுக்காகத்தான் முதலில் எழுதிப் பார்த்தார். யுத்தமெல்லாம் முடிந்து, 1949-ல் சிறுவர் நாவலாக வந்தது. அதில் வருகிற லூயிசாவும் லோட்டாவும் 10 வயது நிரம்பாத குழந்தைகள். அப்பா வியன்னாவில் இசைக்குழு நடத்துபவர். அம்மா மூனிச் நகரத்தில் பத்திரிகை ஆபீசில் வேலை பார்த்து மகளை வளர்க்கிறாள். அம்மா ஆபீஸ் போவதால் வீட்டுச் சமையல் எல்லாம் லோட்டா! கடைக்குப் போவாள், சூப் வைப்பாள், கணக்கும் பார்ப்பாள். இடம் மாறி வந்த லூயிசாவுக்கு அடுப்பங்கரையில் ஒன்றும் புரியாமல் திண்டாடுவதைக் கேட்டு எங்கள் வீட்டில் ஒரே சிரிப்பு.

அவர் கதையில் பிரிந்ததற்குக் காரணம் உண்டு. இரட்டைக் குழந்தைகள் அழுகிற சத்தத்தில் இசை எழுத முடியவில்லை என்று அப்பா தனியாக வேறு இடத்தில் அறை எடுத்துக்கொண்டார். சின்ன வயசு மனைவி இரண்டு கைக்குழந்தைகளோடு தனியாகக் கிடந்தாள். அந்த அறைக்கு இன்னொருத்தி வந்து போவதும் தெரிந்தது. பிரிந்தாள். குழந்தைகள் படிக்கிற புத்தகத்தில் விவாகரத்தா என்று பெரியவர்கள் கேட்பார்கள் என்று தெரிந்தே, நடுவில் கதையை நிறுத்திவிட்டு அவர்களோடு வாதாடியிருக்கிறார் கேஸ்ட்னர். பெற்றவர்கள் பிரிவதால் கஷ்டப்படுகிற குழந்தைகள் உலகத்தில் நிறைய, அவர்களிடமே அதைப் பேசாமல் இருப்பது என்ன நியாயம் என்பது அவர் கட்சி. அதற்கு உதாரணமாக அவர் இழுக்கிற பெயரும் ஷெர்லி டெம்பிள்தான். தான் நடித்த படத்தைத் தியேட்டரில் போய்ப் பார்க்க வயசு பத்தாது என்று அவளைத் தடுத்தார்களாம்!

கதை கடல் தாண்டி அமெரிக்கா போனதும் வேலைக்குப் போகிற அம்மா காணாமல் போய்விட்டாள். மேகி, பாஸ்டனில் பணக்கார அப்பா அம்மாவோடு மாளிகையில் இருக்கிறாள். அப்பாவின் தப்பும் மறைந்துவிட்டது. அவர் கலிபோர்னியாவில் பெரிய பண்ணை வைத்துக்கொண்டு நல்லவராக இருக்கிறார். பழி யார் மேல்? அவர் கட்டிக்கொள்ளப் போகிற விக்கி என்ற இளம்பெண் மேல். அவள் பணத்துக்காக வருகிறவள் என்று காட்டிவிட்டால் போதுமே! காட்டுக்குக் கூட்டிப்போய் கொசு மருந்துக்குப் பதில் சர்க்கரைத் தண்ணீரைப் பூசிக்கொள்ள வைப்பதும், தூங்கும்போது காலில் தேன் தடவிக் கரடிக்குட்டிகளை நக்க வைப்பதும் பிள்ளைகளுக்குச் சிரிப்பாக இருந்தது. எனக்கு அந்த விக்கி மேல் கொஞ்சம் இரக்கமே வந்தது. அவளா இவர்களைப் பிரித்தாள்? அவள் வந்ததே நேற்று!

இன்னொன்றும் கவனித்தேன். புருஷனைப் பார்க்கப் போகும் முன் மேகிக்குப் புதுத் துணி, புது முடி அலங்காரம். அப்பாவுக்கு ஒன்றும் கிடையாது, அவர் பழைய சட்டையோடே இருக்கலாம். வந்த முதல் சண்டையிலேயே அவர் கண்ணில் ஒரு குத்து விட்டு வீங்க வைக்கிறாளே, அதுவரை எனக்குச் சந்தோஷம். கடைசியில் சமாதானம் எங்கே? அடுப்பங்கரையில்! வெறுங்காலோடு நின்று குழம்பு மாதிரி ஒன்றைக் கிண்டிக்கொண்டிருக்கிறாள், அவர் வந்து உருகுகிறார். என்னவரிடம் இதைச் சொன்னதற்கு, "பசியில எல்லாரும் உருகத்தானே செய்வாங்க" என்று பேப்பரிலிருந்து முகத்தை எடுக்காமலே சொன்னார்.

கேஸ்ட்னர் கதையில் தந்திரமே கிடையாது. அப்பா வேறு கல்யாணம் செய்யப் போகிறார் என்றதும் லோட்டா காய்ச்சலில் விழுகிறாள். அம்மா ஓடி வருகிறாள். குழந்தைகள் பிறந்தநாள் பரிசாக, இனி நாங்கள் சேர்ந்தே இருக்க வேண்டும் என்று கேட்கிறார்கள்.

நம் ஊருக்கு வந்தபோது பழி இன்னொரு பக்கம் திரும்பியது. 'குழந்தையும் தெய்வமும்' படத்தில் ஜெய்சங்கரும் ஜமுனாவும் காதலித்துக் கட்டிக்கொள்கிறார்கள். அவர் வீட்டோடு மாப்பிள்ளை. பணத்திமிர் பிடித்த மாமியார் ஜி.வரலட்சுமி. அவர் அகங்காரத்தால் குடும்பம் உடைகிறது, ஆளுக்கு ஒரு குழந்தையாகப் பிரிகிறது. கிருஷ்ணன்-பஞ்சு இயக்கிய இந்தப் படம் அந்த வருஷத்தின் சிறந்த தமிழ்ப் படம் என்று தேசிய விருதும் வாங்கியது. தெலுங்கில் 1966-ல் 'லேத மனசுலு', இந்தியில் 1968-ல் 'தோ கலியான்'. இந்தியில் இரட்டையராக வந்த சிறுமிதான் பிற்காலத்தில் நீத்து சிங் என்று பெரிய கதாநாயகி ஆனார். அத்தை இந்தப் படத்தை டூரிங் டாக்கீஸில் மணலைக் குவித்து உட்கார்ந்து பார்த்தவராம். "அந்த மாமியாரைத் திட்டாத பொம்பளை கிடையாது" என்கிறார். ஆக ஜெர்மனியில் புருஷன், அமெரிக்காவில் வரப்போகிறவள், நம் ஊரில் மாமியார். எனக்குக் கேஸ்ட்னர் சொன்னதுதான் வீட்டில் நடப்பதற்குப் பக்கத்தில் இருக்கிறது. அத்தைக்கு வரலட்சுமிதான். எங்கள் வீட்டில் இந்த வழக்கு இன்னும் தீரவில்லை!

மேகியாக நடித்த மோரீன் ஓஹாரா பற்றியும் சொல்ல வேண்டும். அப்போது 40 வயது, எத்தனையோ பெரிய படங்களில் கதாநாயகி. தன் பெயர்தான் முதலில் வரவேண்டும் என்று ஒப்பந்தம் போட்டிருந்தார். விளம்பரத்தில் என்ன வந்தது தெரியுமா? ஹேலி மில்ஸ் பெயர் முதலில், அதுவும் இரண்டு வேடம் என்பதால் இரண்டு தடவை! கேட்டுப் பார்த்தார், பலிக்கவில்லை. வால்ட் டிஸ்னி கம்பெனியில் அதன்பின் அவர் நடிக்கவே இல்லை. நல்ல பாத்திரம்தான், படமும் பிடித்திருந்தது, ஆனாலும் வாக்கு வாக்குதானே என்று தன் சுயசரிதையில் அந்த வருத்தத்தை எழுதி வைத்திருக்கிறார்.

ஹேலி டிஸ்னிக்காக 1960 முதல் 1965 வரை ஆறு படங்கள் நடித்தார். இந்தப் படத்தில் அவர் பாடிய பாட்டு ரிக்கார்டும் அமெரிக்காவில் முதல் பத்து இடத்துக்குள் வந்தது. சம்பாதித்ததையெல்லாம் அப்பா ஒரு ட்ரஸ்டில் போட்டு வைத்தார். 21 வயதாகி எடுக்கப் போனால், இங்கிலாந்து வரி இலாகா 91 சதவீதம் வரி என்றது. அந்த நாட்டின் உச்ச நீதிமன்றம் மாதிரி இருந்த பிரபுக்கள் சபை வரை வழக்கு போயும் தோற்றுவிட்டது. குழந்தைப் பருவத்தையே கொடுத்துச் சம்பாதித்த பணம்! 1971-ல் தன்னைவிட 33 வயது மூத்த இயக்குநர் ராய் போல்டிங்கைக் கட்டிக்கொண்டார். 1977-ல் விவாகரத்து. அப்போது அவர்கள் மகன் கிறிஸ்பியனுக்கு நாலு வயசு. அந்தப் பையன்தான் வளர்ந்து 'குலா ஷேக்கர்' என்ற பாட்டுக் குழு அமைத்து, 'கோவிந்தா' என்று சம்ஸ்கிருதத்திலேயே பாடி இங்கிலாந்தைக் கலக்கினார். 2021-ல் ஹேலி தன் வாழ்க்கைக் கதையைப் புத்தகமாகவும் எழுதிவிட்டார்.

தெருப் பெண்ணுக்கு நான் பதில் சொன்னேனா என்று கேட்பீர்கள். இரண்டு நாள் கழித்து அவள் வந்தபோது ஜெர்மன் கதையைச் சொன்னேன். அப்பா தனி அறை எடுத்ததையும், அந்தக் குழந்தைகள் மேல் எந்தத் தப்பும் இல்லை என்பதையும் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். "அந்த அம்மா வேலைக்குப் போனாங்களா? எங்கம்மாவும் போறாங்க" என்றாள். சேர்ந்துவிட்டார்களா என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

இப்போது எங்கள் பிள்ளைகள் 1998-ல் வந்த புதுப் படத்தையும் பார்த்து முடித்துவிட்டார்கள். அதில் லிண்ட்சே லோஹன் என்ற சிறுமி இரட்டையர், அவளுக்கு அதுதான் முதல் சினிமா. பார்க்கிற தோழிகள் ஒன்றைக் கவனியுங்கள். அப்பா கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணுக்கு அம்மாவாக ஒரு வயதான சீமாட்டி வருவார். பெயர் விக்கி! 37 வருஷத்துக்கு முன்னால் தேன் தடவிய காலோடு காட்டில் அலறிய அதே ஜோனா பார்ன்ஸ்தான் அவர்.

- ஓர் இல்லத்தரசி, பொள்ளாச்சி